தூக்கத்துல வர்றது ஃபிட்ஸா, கெட்ட கனவா? வீட்டுல இருக்குறவங்க கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

என் தம்பிக்கு அப்ப 16 வயசு, பிளஸ் ஒன் படிச்சிட்டு இருந்தான். லால்குடில எங்க வீட்டு ஹால்ல எல்லாரும் வரிசையா பாய் போட்டு படுப்போம், அவன் மட்டும் சுவர் ஓரமா இரும்புக் கட்டில்ல. ராத்திரி 2 மணி வாக்குல கட்டில் காலு பீரோவுல டங்கு டங்குனு இடிக்கிற சத்தம் கேட்டு முழிச்சேன். ஜீரோ வாட்ஸ் பல்ப் வெளிச்சத்துல பாத்தா இவன் மல்லாந்து படுத்தபடி சைக்கிள் மிதிக்கிற மாதிரி ரெண்டு காலையும் வேகமா ஆட்டுறான், இடது கை மட்டும் விறைச்சு மேல தூக்கிட்டு நிக்குது, முகம் ஒரு பக்கமா கோணிப் போயிருக்கு. அரை நிமிஷம் கூட இருக்காது, டக்குனு நின்னுச்சு. டேய் என்னடா ஆச்சுன்னேன், ரொம்ப தெளிவா, ஒண்ணும் இல்லக்கா தண்ணி குடுன்னான், குடிச்சிட்டு திரும்பிப் படுத்துத் தூங்கிட்டான்.

அப்பாயி இது அமுக்குவான் பேய்னு சொல்லி கயிறு மந்திரிச்சு கட்டுனாங்க. எங்க ஏரியா டாக்டர் பரீட்சை டென்ஷன், கெட்ட கனவுன்னு சொல்லிட்டாரு, அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது, ஏன்னா அவர் முன்னாடி உக்காந்தப்ப இவன் சாதாரணமாத்தான் இருந்தான். இப்படியே 8 மாசம் போச்சு. வலிப்புன்னு கண்டுபிடிச்சு மாத்திரை ஆரம்பிச்சப்புறம் எனக்கு இருந்த ஒரே வருத்தம் அந்த 8 மாசம்தான். டாக்டர் பகல்ல பாக்குறாரு, இது ராத்திரி வருது, நடுவுல இருக்குற சாட்சி நாமதான், அந்த சாட்சி எப்படி சொல்லணும்னு எங்களுக்குத் தெரியல. அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன். நான் டாக்டர் கிடையாது. நியூராலஜிஸ்ட் எங்களுக்கு விளக்குனது, அப்புறம் நான் தேடித் தேடிப் படிச்சது, ராத்திரி முழிச்சிருந்து கத்துக்கிட்டது, இவ்வளவுதான்.

இப்ப இந்த நிமிஷம் வந்துட்டு இருந்தா

வேற எதையும் படிக்காம இதை மட்டும் பண்ணுங்க. மணியைப் பாருங்க, செல்லுல ஸ்டாப்வாட்ச் போட்டா இன்னும் நல்லது, ஏன்னா பயத்துல 1 நிமிஷம் நமக்கு 10 நிமிஷமா தெரியும். ஆளை ஒருக்களிச்சு படுக்க வைங்க, எச்சில் வாந்தி எல்லாம் வெளிய வழியட்டும். கழுத்துல இறுக்கமா பட்டன், தாயத்துக் கயிறு இருந்தா தளர்த்துங்க. கட்டில் ஓரம், சுவர், பீரோ இதுல எல்லாம் தலை இடிக்காம தலையணை வைங்க, ஆனா மூக்குக்கும் வாய்க்கும் பக்கத்துல தலையணை போர்வை எதுவும் இருக்கக் கூடாது. கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்காதீங்க, தோள்பட்டை இறங்கிடும்.

வாய்ல ஸ்பூன், துணி, விரல் எதையும் விடாதீங்க. நாக்கை முழுங்கிடுவாங்கன்னு சொல்றது பொய், அப்படி முழுங்க முடியாது, ஆனா ஸ்பூன் விட்டா பல்லு உடைஞ்சு மூச்சுக் குழாய்க்குள்ள போகலாம். முழு நினைவு வர்ற வரைக்கும் தண்ணி, காபி, மாத்திரை எதுவும் வாய்ல ஊத்தாதீங்க. கையில சாவிக்கொத்து, இரும்பு கொடுக்குறது நம்ம ஊருல எல்லாரும் பண்றதுதான், அது ஏன் வேலை செய்யுற மாதிரி தெரியுதுன்னா பெரும்பாலான வலிப்பு 1, 2 நிமிஷத்துல தானாவே நின்னுடும், சாவி தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள அந்த நேரம் முடிஞ்சிருக்கும்.

5 நிமிஷம் தாண்டுனா, இல்ல ஒண்ணு நின்னு நினைவு திரும்புறதுக்குள்ள இன்னொண்ணு வந்தா, உடனே 108. வாழ்க்கைல முதல் தடவை உடம்பு முழுக்க இழுத்திருந்தாலும், கர்ப்பமா இருந்தாலும், தலைல அடிபட்டிருந்தாலும், நின்ன பிறகு மூச்சு சரியா வரலைன்னாலும் காத்திருக்காம கூட்டிட்டுப் போங்க. சுகர் இருக்குறவங்களா இருந்தா குளுக்கோமீட்டர்ல ஒரு தடவை பாத்துடுங்க, ராத்திரி சுகர் ரொம்ப இறங்குனாலும் வேர்த்துக் கொட்டி, உளறி, சமயத்துல ஃபிட்ஸே வரும்.

ஏன் தூங்கும்போது மட்டும்?

எங்க அம்மா கேட்ட முதல் கேள்வியே இதுதான், பகல்ல ஒண்ணுமே இல்லையே, அப்புறம் எப்படி வலிப்புன்னு. டாக்டர் சொன்னது எனக்கு நல்லா புரிஞ்சுச்சு. தூக்கத்துல ரெண்டு விதம் இருக்கு. கனவு அதிகமா வர்ற ரெம் தூக்கம் ஒண்ணு, கனவு கம்மியா வர்ற நான்-ரெம் தூக்கம் இன்னொண்ணு. நான்-ரெம் தூக்கத்துல மூளை செல்லுங்க எல்லாம் ஒண்ணா சேந்து ஒரே தாளத்துல இயங்கும், எங்கயாவது ஒரு இடத்துல தப்பான மின்சாரம் கிளம்புனா அந்த ஒத்துமையைப் பிடிச்சுக்கிட்டு சுலபமா பரவிடும். ரெம்ல அந்தத் தாளம் கலைஞ்சிருக்கும், அதனால அப்ப ஃபிட்ஸ் வர்றது ரொம்பக் கம்மி. தூங்குன கொஞ்ச நேரத்துலயும், விடியற்காலைல முழிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடியும் நிறைய பேருக்கு வரும். இது ராத்திரியைப் பொறுத்தது இல்ல, தூக்கத்தைப் பொறுத்தது, மத்தியானம் குட்டித் தூக்கம் போட்டாலும் வரலாம், நைட் ஷிஃப்ட் போறவங்களுக்கு பகல்ல வரும். தூக்கம் கெட்டா இன்னும் அதிகமா வரும்.

எதையெல்லாம் கவனிக்கணும்

தூக்கத்துல உடம்பு ஆடுறது எல்லாம் வலிப்பு கிடையாது, முதல்ல இது மனசுல இருக்கட்டும். தூக்கம் பிடிக்கிற நேரத்துல பள்ளத்துல விழுற மாதிரி ஒரு தடவை தூக்கிப் போடும்ல, அது ரொம்ப சாதாரணம், பெரும்பாலானவங்களுக்கு எப்பவாவது வரும். முழிச்சிருக்கோம், எல்லாம் தெரியுது, ஆனா கை காலை அசைக்க முடியல, நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி இருக்குன்னா அதுதான் அமுக்குவான்னு சொல்றது. ரெம் தூக்கத்துல உடம்பு தளர்ந்து கிடக்கும், அந்தத் தளர்ச்சி போறதுக்குள்ள மூளை முழிச்சிடுது, அதுல ஆளு அசையவே மாட்டாங்க. எங்க அப்பாயி சொன்னது தப்புன்னு இதை வச்சே சொல்லிரலாம், என் தம்பி கட்டிலையே ஆட்டுனான்.

குழப்பமே நைட் டெரர்ங்கிற தூக்கப் பயத்துலயும் தூக்கத்துல நடக்குறதுலயும்தான் வரும். அதையும் என் தம்பிக்கு வந்ததையும் பக்கத்துல வச்சுப் பாத்தா வித்தியாசம் தெரியும். நைட் டெரர் பெரும்பாலும் சின்னப் பிள்ளைங்களுக்கு, தூங்குன முதல் 2, 3 மணி நேரத்துக்குள்ள, ராத்திரிக்கு ஒரு தடவை வரும். வீல்னு கத்திட்டு எழுந்து உக்காரும், கண்ணு திறந்திருக்கும் ஆனா நம்மளத் தெரியாது, சமாதானம் பண்ணா இன்னும் அழும், சில நிமிஷத்துலேர்ந்து கால் மணி, அரை மணி வரைக்கும் கூட இழுக்கும், மெல்ல மெல்ல அடங்கும், ஒவ்வொரு தடவையும் பண்றது கொஞ்சம் வேற வேற மாதிரி இருக்கும், காலைல கேட்டா ஒண்ணும் ஞாபகம் இருக்காது.

என் தம்பிக்கு இருந்தது ஸ்லீப் ரிலேட்டட் ஹைப்பர்மோட்டார் எபிலெப்சி, அதாவது தூக்கத்துல வந்து கை காலை வேகமா ஆட்ட வைக்கிற வலிப்பு நோய். மூளையோட முன்பகுதிலேர்ந்து பெரும்பாலும் கிளம்புறதால முன்னாடி இதுக்கு வேற பேரு இருந்துச்சாம், அந்தப் பேரைத்தான் நிறைய இடத்துல இன்னும் பாப்பீங்க, நாக்டர்னல் ஃப்ரண்டல் லோப் எபிலெப்சின்னு. இது டக்குனு ஆரம்பிச்சு டக்குனு நிக்கும், பெரும்பாலும் 2 நிமிஷத்துக்குள்ள, ஒரே ராத்திரில பல தடவை வரும், எந்த நேரம்னு கணக்கு இல்ல. முக்கியமா ஒவ்வொரு தடவையும் அச்சு எடுத்த மாதிரி ஒண்ணு போலவே இருக்கும். முதல்ல இடது கை, அப்புறம் முகம், அப்புறம் காலு, இந்த வரிசை அவனுக்கு ஒரு நாளும் மாறுனதே இல்ல.

இதுல இன்னொரு கொடுமை, நினைவு இருக்கலாம். நீ கூப்டது கேட்டுச்சுக்கா, ஆனா கையை நிறுத்த முடியலன்னான் ஒரு நாள். நினைவு இருக்குறதால நடிக்கிறான், ஸ்கூலுக்கு மட்டம் போட ட்ராமா பண்றான்னு எங்க வீட்டுலயே ஒருத்தர் சொன்னாங்க, அவன் அன்னைக்கு சாப்பிடல. தயவு செஞ்சு அந்த வார்த்தையை மட்டும் யாரும் சொல்லிடாதீங்க.

50 வயசுக்கு மேல இருக்குற ஆம்பளைங்க விடியற்காலைல கனவுல சண்டை போடுற மாதிரி கையை வீசி, பக்கத்துல படுத்திருக்குறவங்களை அடிச்சு, எழுப்புனா உடனே முழிச்சு, என்னை நாய் துரத்துச்சுன்னு கனவை முழுசா சொன்னா அது வேற, ரெம் தூக்கத்துல உடம்பு தளராம போறதால வர்றது. அதையும் நியூராலஜிஸ்ட்கிட்ட காட்டணும், சில பேருக்கு அது பார்கின்சன் நோய்க்கு பல வருஷம் முன்னாடியே வர்ற அறிகுறி. குறட்டை விட்டு மூச்சு நின்னு திணறி எழுந்திரிக்கிறதும் தனி விஷயம், அதுவும் வலிப்பும் ஒரே ஆளுக்கு இருக்கவும் வாய்ப்பு உண்டு.

தனியா படுக்குறவங்களுக்கு, காலைல என்ன தெரியும்

பாக்க ஆள் இல்லைன்னா படுக்கையும் உடம்பும்தான் சாட்சி. நாக்கோட பக்கவாட்டுல கடிபட்டுப் புண்ணு, தலையணைல ரத்தக் கறை, பெரியவங்க படுக்கைலயே ஒண்ணுக்கு போயிருக்குறது, ராத்திரி பூரா மூட்டை தூக்குன மாதிரி உடம்பு வலி, தலைவலி, எந்திரிச்சு கொஞ்ச நேரம் எங்க இருக்கோம்னே புரியாத மந்தம், கீழ விழுந்து கிடக்குறது, காரணம் தெரியாத காயம், இறங்கிப் போன தோள்பட்டை. இதுல ஒண்ணு ஒரு நாள் இருந்தா வேற காரணமும் இருக்கலாம். ரெண்டு மூணு சேந்து இருந்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ தள்ளிப் போடாதீங்க. என் தம்பிக்கு மாதிரி சின்ன சின்னதா வர்றவங்களுக்கு இது எதுவுமே இருக்காது, பகல் பூரா தூக்கக் கலக்கம், கிளாஸ்ல கொட்டாவி, மார்க் குறையுறது, அவ்வளவுதான் வெளிய தெரியும்.

வயசை வச்சு சில அடையாளம்

கைக்குழந்தைங்கள்ல ரெண்டை நல்லா தெரிஞ்சு வச்சுக்கோங்க. பொறந்த சில வாரக் குழந்தை தூங்கும்போது மட்டும் கை கால் துடிச்சு, எழுப்புன உடனே நின்னா பெரும்பாலும் பயமில்லாத துடிப்புதான். ஆனா 3 மாசத்துலேர்ந்து 1 வயசுக்குள்ள இருக்குற குழந்தை தூங்கி முழிக்கிற நேரத்துல தலையைக் குனிஞ்சு கையை விரிச்சு சட்டு சட்டுனு குலுங்கி, சில நொடி விட்டு திரும்ப, திரும்பன்னு தொடரா பண்ணுச்சுன்னா அது இன்ஃபன்டைல் ஸ்பாஸம்ங்கிற வலிப்பா இருக்கலாம், வயித்து வலின்னு கிரைப் வாட்டர் குடுத்துட்டு இருக்காம அன்னைக்கே வீடியோ எடுத்து அன்னைக்கே குழந்தைங்க நரம்பு டாக்டர்கிட்ட போங்க. ஒவ்வொரு நாளும் தள்ளுறது குழந்தையோட மூளை வளர்ச்சியை பாதிக்கும்.

ஸ்கூல் போற வயசுல, தூங்குன கொஞ்ச நேரத்துல இல்ல விடியுற நேரத்துல ஒரு பக்க உதடும் கன்னமும் மட்டும் துடிக்கும், எச்சில் ஒழுகும், தொண்டைல களகளன்னு சத்தம், பிள்ளை முழிச்சு நம்மளப் பாக்கும் ஆனா பேச வராது. இது ரோலாண்டிக் எபிலெப்சியா இருக்கலாம், பாக்க பயங்கரமா இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைங்களுக்கு 16 வயசுக்குள்ள தானா போயிடும். இன்னும் சின்னதுங்களுக்கு ராத்திரி எழுந்து முகம் வெளுத்து வாந்தி எடுத்து கண்ணு ஒரு பக்கமா சொருகி ரொம்ப நேரம் அப்படியே இருக்குறதும் ஒரு வகை வலிப்புதான், ஃபுட் பாய்சன்னு நினைச்சுடுவோம்.

டீன் ஏஜ்ல காலைல எந்திரிச்ச 1 மணி நேரத்துக்குள்ள கை வெடுக்குனு உதறி டம்ளர், பிரஷ், சீப்பு எல்லாம் பறந்து போய் விழுதுன்னா, அதுவும் முந்தின நாள் ராத்திரி கண்ணு முழிச்சு படிச்ச அன்னைக்கு அதிகமா இருந்தா, கவனக்குறைவுன்னு திட்டாதீங்க. ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி அப்படித்தான் ஆரம்பிக்கும். டாக்டர் கேக்கலைன்னாலும் நீங்களே இதைச் சொல்லணும், ஏன்னா மத்த வலிப்புக்கு குடுக்குற கார்பமாசெபின் மாதிரி சில மாத்திரை இதுக்கு குடுத்தா கை உதறல் இன்னும் அதிகமாகும்.

வீடியோ எடுக்குறது எப்படி

எங்களுக்கு வழி திறந்ததே இங்கதான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். நான் முதல்ல எடுத்த ரெண்டு வீடியோ ஒண்ணுத்துக்கும் உதவல, ஒண்ணுல ஒரே இருட்டு, இன்னொண்ணுல போர்வை ஆடுறது மட்டும் தெரியுது. அப்புறம் பழைய செல்லு ஒண்ணை பீரோ மேல சாய்ச்சு வச்சு, சார்ஜர்ல போட்டு, கட்டில் முழுக்க ஃப்ரேம்ல வர்ற மாதிரி பாத்து, நைட் லேம்ப்பை மாத்தி கொஞ்சம் வெளிச்சமான பல்ப் போட்டு, ராத்திரி பூரா ரெக்கார்ட் பண்ணேன். இப்ப இருட்டுல தெரியுற வைஃபை கேமரா ரொம்ப விலை இல்லாம வருது, முடிஞ்சா அதுவே வாங்கிடுங்க. ஆரம்பம்தான் ரொம்ப முக்கியம், எந்தக் கை முதல்ல அசையுது, தலை எந்தப் பக்கம் திரும்புதுங்கிறதுதான் மூளைல எந்த இடம்னு டாக்டருக்கு சொல்லும், நாம சத்தம் கேட்டு எழுந்து செல்லைத் தேடுறதுக்குள்ள அது போயிடும், அதனாலதான் ராத்திரி பூரா ஓட விடச் சொல்றேன்.

பக்கத்துல இருந்தீங்கன்னா போர்வையை எடுத்துட்டு, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. கையைத் தூக்குன்னு சொல்லிப் பாருங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் மாம்பழம்னு சொல்லுவேன். முடிஞ்சப்புறம் என்ன வார்த்தை சொன்னேன்னு கேளுங்க, சரியா சொன்னா அந்த நேரத்துல நினைவு இருந்துச்சுன்னு அர்த்தம். நின்ன உடனே கேமராவை நிறுத்திடாம இன்னும் 2 நிமிஷம் விடுங்க, எப்படித் தெளியுறாங்கங்கிறதும் டாக்டருக்கு வேணும்.

கூடவே ஒரு 40 பக்க நோட்டு. தேதி, படுத்த நேரம், வந்த நேரம், எவ்வளவு நேரம், என்ன பண்ணாங்க, அன்னைக்கு காய்ச்சலா, தூக்கம் கெட்டுச்சா, மாத்திரை விட்டுப் போச்சா, பொம்பளைப் பிள்ளைங்கன்னா மாதவிடாய் தேதி. 3 வாரத்துல எங்க நோட்டுல 41 வரி இருந்துச்சு. நாங்க வாரத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னுதான் நினைச்சுட்டு இருந்தோம்.

திருச்சில நியூராலஜிஸ்ட் அதுல மூணு வீடியோவை அடுத்தடுத்து ஓட விட்டாரு. மூணுலயும் இடது கை, முகம், காலு. அவர் எதுவும் பேசுறதுக்கு முன்னாடியே அம்மா அழ ஆரம்பிச்சிட்டாங்க.

டெஸ்ட்டும் ரிப்போர்ட்டும்

ஈஈஜிங்கிறது மூளையோட மின் அலையைப் பதிவு பண்ற டெஸ்ட். பகல்ல எடுக்குற அரை மணி நேர ஈஈஜி நார்மல்னு வந்தா வலிப்பு இல்லன்னு அர்த்தம் கிடையாது. வலிப்பு இருக்குறவங்கள்லயே முதல் ஈஈஜில தெரியுறது சுமார் பாதி பேருக்குத்தான், மூளைக்குள்ள ஆழத்துலேர்ந்து வர்ற என் தம்பி மாதிரி ஆளுங்களுக்கு ஃபிட்ஸ் வர்றப்பவே கூட ஒண்ணும் தெரியாமப் போகலாம். அதனால தூக்க ஈஈஜி எடுக்கணுமான்னு நீங்களே கேளுங்க. அதுக்கு முந்தின ராத்திரி கொஞ்ச நேரம்தான் தூங்கச் சொல்லுவாங்க, தலைக்கு எண்ணெய் வைக்காம ஷாம்பூ போட்டுக் குளிச்சிட்டு போகணும், மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தா அவங்க சொல்லாம நிறுத்தக் கூடாது. அதுலயும் குழப்பம்னா ஆஸ்பத்திரில தங்க வச்சு வீடியோ ஈஈஜி எடுப்பாங்க, உடம்பு ஆடுறதும் மூளை அலையும் ஒரே நேரத்துல பதிவாகும்.

எம்ஆர்ஐ எடுக்குறது காரணம் தேட. நம்ம நாட்டுல ஒரு முக்கியமான காரணம் நாடாப்புழு முட்டை வயித்துக்குள்ள போய் அதோட லார்வா மூளைல தங்குறது, வேலூர் சிஎம்சில இதைப் பத்தி நிறைய ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. சைவம் சாப்பிடுறவங்களுக்கும் இது வரும், ஏன்னா முட்டை வர்றது அந்தப் புழு வயித்துல இருக்குற மனுஷங்களோட கழிவுலேர்ந்து, கழுவாத கீரை, பச்சைக் காய்கறி, தண்ணி, கை வழியா.

மாத்திரை ஆரம்பிச்சப்புறம்

தம்பிக்கு ராத்திரி கார்பமாசெபின், கொஞ்சமா ஆரம்பிச்சு ஏத்துனாங்க. முதல் ரெண்டு வாரம் தலை சுத்தல், தோல்ல தடிப்பு வந்தா உடனே வரச் சொன்னாங்க, வரல. எந்த மாத்திரையா இருந்தாலும் ஃபிட்ஸ் நின்னுடுச்சுன்னு நீங்களா நிறுத்தாதீங்க, திடீர்னு நிறுத்துனா விடாம தொடர்ந்து வர்ற பெரிய ஃபிட்ஸ் வரலாம். வால்ப்ரோயேட்ங்கிற வலிப்பு மாத்திரை சாப்பிடுற பொண்ணுங்க, கல்யாணம் குழந்தைன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசிடுங்க, வயித்துல இருக்குற குழந்தையை அது பாதிக்கும், மாத்தித் தர வழி இருக்கு. கவர்மென்ட் ஆஸ்பத்திரில வலிப்பு மாத்திரை இலவசமாவே கிடைக்கும், காசு இல்லன்னு விட வேண்டாம்.

யாரும் சொல்லத் தயங்குற ஒண்ணையும் சொல்லிடறேன். வலிப்பு இருக்குற பெரியவங்கள்ல 1000 பேருக்கு வருஷத்துக்கு சுமார் ஒருத்தர் திடீர்னு இறந்து போறாங்க, குழந்தைங்கள்ல இது இன்னும் கம்மி. நிறைய அப்படி நடக்குறது தூக்கத்துல, ஆளு இல்லாத ரூம்ல, குப்புறக் கிடக்கும்போது. உடம்பு முழுக்க இழுக்குற ஃபிட்ஸ் அடிக்கடி வர்றவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம், அதனால ஃபிட்ஸை நிறுத்துறதுதான் முதல் பாதுகாப்பு. ஒரே ரூம்ல யாராவது படுங்க, கட்டில் தாழ்வா இருக்கட்டும், பங்க் பெட்ல மேல வேண்டாம், கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட வேண்டாம்.

கல்யாணத்துக்காக மறைக்கிறவங்க இன்னும் நிறைய பேர் இருக்காங்க. வலிப்பு இருக்குறதைக் காரணம் காட்டி கல்யாணத்தை ரத்து பண்ற பிரிவை இந்து திருமணச் சட்டத்துலேர்ந்து 1999லயே எடுத்தாச்சு. மறைச்சு வச்சா மாத்திரையையும் மறைச்சு சாப்பிடணும், அப்புறம் மாத்திரை விட்டுப் போகும், ஃபிட்ஸ் வரும்.

தம்பி இப்ப இன்ஜினியரிங் மூணாவது வருஷம், ஹாஸ்டல். சேத்து விட்ட அன்னைக்கே ரூம்மேட் பையனை உக்கார வச்சு, ஒருக்களிச்சு படுக்க வைக்கிறதை தம்பியையே படுக்க வச்சு ரெண்டு தடவை பண்ணிக் காட்டுனேன். 5 நிமிஷம், 108, என் நம்பர், மூணையும் ஒரு அட்டைல எழுதி அலமாரிக் கதவு உள்பக்கம் ஒட்டிட்டு வந்தேன். போன மாசம் செமஸ்டர் நேரத்துல ரெண்டு ராத்திரி தூங்காம இருந்து ஒண்ணு வந்துருக்கு. 22 செகண்ட்க்கா, இடது கைதான் முதல்லன்னு அந்தப் பையன் ராத்திரி 3 மணிக்கு வாட்ஸ்அப்ல வீடியோவோட அனுப்பியிருந்தான்.